11.6 அங்குல லப்டொப்புக்கு எந்த ஈமெயில் மென்பொருள்?

2025 ஒக்டோபர் 11, இரவு 8.50 (கேள்வி)

அக்கா, சாவகச்சேரியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது 11.6 அங்குல லப்டொப். திரை 1366×768, ராம் 4 ஜிபி. ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது ஈமெயில் வரும். பிரவுசரில் திறந்தால் பாதித் திரையைப் பட்டைகளே பிடித்துக்கொள்கின்றன. தனி மென்பொருள் போட்டால் இன்னும் நெருக்கும், அதெல்லாம் பெரிய திரை வைத்திருப்பவர்களுக்குத்தான் என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். உண்மையா?

2025 ஒக்டோபர் 11, இரவு 10.15

உண்மை இல்லை தம்பி. என்னுடையதும் அதே அளவு லப்டொப்தான். ஐந்து வருடமாக என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி, அற்றோணித் தத்துவம் எல்லாம் மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ரொறன்ரோ, பாரிஸ், லண்டன் பக்கம். அவர்கள் ஸ்கான் எடுத்து அனுப்புவதும் நான் முடித்துத் திருப்பி அனுப்புவதும் ஈமெயிலில்தான்.

நானும் முதலில் பிரவுசரில்தான் இருந்தேன். ஜீமெயிலுக்குப் பழைய காலத்து எளிய பக்கம் ஒன்று இருந்தது, நினைவிருக்கிறதா? நீலக் கோடும் வெறும் எழுத்தும் மட்டும். சிக்னல் ஒரு கோடு இருந்தாலே திறந்துவிடும். சின்னத் திரைக்கு அதைப் போல ஒன்றை நான் பிறகு காணவில்லை. 2024 தொடக்கத்தில் கூகிள் அதை நிறுத்தியது. அதற்குப் பிறகுதான் மென்பொருள் தேடினேன்.

தேடத் தொடங்கியபோது எனக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உங்கள் திரையில் அகலத்துக்குக் குறைவில்லை, உயரம்தான் பஞ்சம். முன்பு எல்லாரிடமும் இருந்த சதுரமான திரை 1024×768. இப்போதையது 1366×768. அகலம் கூடியிருக்கிறது, உயரம் அப்படியே நிற்கிறது. மேலே அஞ்சல் பட்டியல், கீழே கடிதம் என்று வைக்கும் வழக்கம் அந்தச் சதுரத் திரைக் காலத்தில் வந்தது. இன்றைய திரையில் அப்படி வைத்தால், இருக்கிற கொஞ்ச உயரத்தையும் இரண்டாக வெட்டிவிட்டு, பக்கவாட்டில் கிடக்கும் இடத்தைச் சும்மா விடுகிறீர்கள். கடிதத்தைப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைக்க விடுகிற மென்பொருளாகப் பாருங்கள். மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

2025 ஒக்டோபர் 12, காலை 6.40

இரவு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. எந்த மென்பொருளையும் எப்படி அளப்பது?

நான் வரிகளை எண்ணுவேன். நீளமான தமிழ்க் கடிதம் ஒன்றைத் திறந்து, உருட்டாமல் எத்தனை வரி தெரிகிறது என்று எண்ணுங்கள். கட்டாயம் தமிழ்க் கடிதமாக இருக்க வேண்டும். ஆங்கிலத்துக்கு நெருக்கமான வரி போதும். எங்கள் எழுத்தில் ‘கு’, ‘ழு’ கீழே இறங்கும், ‘கீ’, ‘தீ’ மேலே வளையும், அதற்கும் மேலே புள்ளி நிற்கும். அதனால் அதே எழுத்தளவில் தமிழுக்கு வரி உயரம் கூடத் தேவை. இடம் கிடைக்கட்டும் என்று எழுத்தைச் சிறிதாக்கினால் முதலில் காணாமல் போவது புள்ளிதான். எனக்கு அது விளையாட்டில்லை. ஒருவருடைய பெயரில் ‘ன’வா ‘ன்’னா என்பது தெரியாமல் நான் எழுதிக் கொடுத்தால், அவர் அங்கே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டி வரும்.

பட்டியலுக்குக் கீழே கடிதம் வைத்தபோது எனக்குத் தெரிந்தது 9 வரி. பக்கத்தில் வைத்தபோது 20.

2025 ஒக்டோபர் 14, மாலை 5.30

இன்றைக்கு வின்டோஸ் 10இன் ஆதரவு முடிகிறது. தம்பியின் லப்டொப்பில் அதுதான் ஓடுகிறது என்று இப்போது சொல்கிறார், வின்டோஸ் 11 ஏறாதாம். என் கதையும் அதுதான்.

வின்டோஸோடு கூட வந்த மெயில் செயலி சின்னத் திரைக்கு மோசமில்லை. ஆனால் மைக்ரோசொஃப்ட் 2024 டிசெம்பர் 31உடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது, பதிலுக்குப் புதிய அவுட்லுக் வருகிறது. அதை நான் எடுக்கவில்லை. ஜீமெயில் போன்ற வெளிக் கணக்கை அதில் சேர்த்தால் அஞ்சல்களின் பிரதி மைக்ரோசொஃப்டின் மேகத்துக்கும் போகும். அதை அவர்களே சொல்லித்தான் சம்மதம் கேட்கிறார்கள். என்னிடம் வருவது மற்றவர்களின் அடையாள அட்டையும் காணி உறுதியும். இரண்டு இடத்தில் இருப்பதை மூன்று இடமாக்க எனக்கு மனமில்லை. இலவசக் கணக்கென்றால் அஞ்சல் பட்டியலுக்குள் விளம்பர வரியும் வரும், அது உயரத்தையும் தின்னும்.

நான் வின்டோஸை விட்டு, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற மெலிந்த பதிப்புக்கு மாறினேன். 4 ஜிபி ராமில் மூச்சு விடுகிறது. கீழே உள்ள பணிப்பட்டையைத் தானாக ஒளிய வைத்தேன். அதிலேயே ஒரு வரிக்கு மேல் மிச்சம்.

2025 ஒக்டோபர் 17, இரவு 9.05

இன்றைக்குக் கிளோஸ் மெயில் என்ற ஈமெயில் மென்பொருளைப் பற்றி.

இது 2001இல் சில்பீட் என்ற ஜப்பானிய மென்பொருளில் இருந்து கிளைத்தது. மிக மெலிந்த உடம்பு. ஐகொனை அழுத்தி விரலை எடுக்கும் முன் திறந்து நிற்கும். அதன் தோற்றப் பட்டியலில் ‘ஸ்மோல் ஸ்கிரீன்’ என்றே ஓர் அமைப்பு இருக்கிறது. சின்னத் திரைக்கென்று பெயர் சொல்லியே ஒரு வழி வைத்திருக்கிற மேசை மென்பொருள் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அதைத் தேர்ந்தால் ஒரு நேரத்தில் ஒரு பலகம்தான் வரும். கோப்புறைகளைப் பார்க்கும்போது அது மட்டும். ஒன்றுக்குள் போனால் பட்டியல் மட்டும். கடிதத்தைத் திறந்தால் கடிதம் முழுத் திரையையும் எடுத்துக்கொள்ளும். முதல் தரம் பார்த்தபோது யாரோ எங்களை நினைத்துச் செய்திருக்கிறார்கள் என்ற சந்தோஷம் வந்தது. எனக்கு 26 வரி தெரிந்தது.

ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனிக் கோப்பாகவே வட்டில் வைக்கும். கரண்ட் திடீரென்று போய், பட்டரியும் செத்த லப்டொப் அணைந்தாலும் கெட்டுப்போனால் ஒரு கடிதம்தான் கெடும், முழுப் பெட்டி இல்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்ததை மறக்காதவர்களுக்கு இதன் அருமை விளங்கும்.

ஜீமெயிலைச் சேர்க்க, கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் ஒன்றை எடுத்துக் கொடுங்கள். வழக்கமான கடவுச்சொல்லை ஏற்காது.

தம்பி, இதையே போடுங்கள்.

2025 ஒக்டோபர் 19, காலை 11.20

மேலே எழுதியதன் கடைசி வரியைத் திருத்துகிறேன். பொறுங்கள், இன்னும் போட வேண்டாம்.

‘வரி எண்ணிக்கை சரி, ஆனால் வரியில் இருப்பது முழுக்கத் தெரிகிறதா?’ என்று கொக்குவில் பக்கத்து வாசகி ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கு நடந்த ஒன்றை ஞாபகப்படுத்தியது. அதைச் சொல்லாமல் கிளோஸைச் சிபாரிசு செய்தது சரியில்லை.

போன வருடம் ஒரு பிறப்புச் சான்றிதழின் வரைவை அனுப்பியிருந்தேன். வாங்குகிறவர் அதை அஞ்சலுக்குள்ளேயே திருத்தி, ‘மாற்ற வேண்டியதைச் சிவப்பில் போட்டிருக்கிறேன் அக்கா, மிச்சம் எல்லாம் சரி’ என்று பதில் போட்டார். என் திரையில் சிவப்பே இல்லை. கிளோஸ் வெறும் எழுத்துப் பகுதியைத்தான் காட்டியது, நிறம் இருந்த பகுதி பக்கத்தில் ஓர் இணைப்புப் போலக் கிடந்தது. இரண்டு கடிதத்தையும் பக்கத்தில் வைத்துக் கண்ணால் ஒப்பிட்டு மூன்று திருத்தம் கண்டுபிடித்தேன். நாலாவது, தகப்பன் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரே ஒரு எழுத்து. அது தப்பிவிட்டது. சான்றிதழ் முத்திரையோடு போய், அவர் நேர்முகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் கண்டுபிடித்தோம். திரும்பச் செய்து அனுப்பினேன், காசு வாங்கவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் அந்தக் குடும்பம் பட்ட பதற்றம் என் மனதை விட்டுப் போகவில்லை.

நிறம் காட்டக் கிளோஸோடு கூடப் போடுகிற செருகி ஒன்று உண்டு, அதைப் போட்டிருந்தால் சிவப்புத் தெரிந்திருக்கும். ஆனால் பதில் எழுதும்போது கிளோஸ் வெறும் எழுத்துத்தான் தரும். நான் இப்போது திருத்தங்களுக்கு நிறம் போட்டே திருப்பி அனுப்புகிறேன், அதனால் என் வேலைக்கு அது சரிவராது. உங்களுக்கு வருகிற ஈமெயில் எல்லாம் வெறும் எழுத்துத்தான் என்றால் கிளோஸ் இப்போதும் நல்ல தெரிவு. தம்பி, உங்களுக்கு என்ன மாதிரி அஞ்சல் வருகிறது?

2025 ஒக்டோபர் 20, காலை 7.10

தீபாவளி. எல்லாருக்கும் வாழ்த்து. தம்பி பதில் போட்டிருக்கிறார். அவருக்கு வருவது விலைப்பட்டியல்களாம், அட்டவணையும் நிறமும் நிறைய உண்டாம். அப்படியென்றால் தண்டர்பேர்ட் என்ற ஈமெயில் மென்பொருள்தான். இன்றைக்கு விருந்தாட்கள் வருகிறார்கள், நாளை மறுநாள் எழுதுகிறேன்.

2025 ஒக்டோபர் 22, இரவு 8.30

தண்டர்பேர்டின் முதற் பதிப்பு 2004 டிசெம்பரில் வந்தது. 2023இல் 115ஆம் பதிப்போடு முகத்தையே மாற்றினார்கள். அதற்குப் பிறகு போட்டுப் பார்த்த பலர், சின்னத் திரையில் இது இடத்தை வீணாக்குகிறது என்று விட்டுவிட்டுப் போனார்கள். போட்ட கையோடு பார்த்தால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்த முகத்தில் கழற்ற முடியாத பொருள் மிகக் குறைவு. நான் கழற்றிய ஒழுங்கிலேயே சொல்கிறேன்.

முதலில் தோற்றத்தில் ‘வேட்டிக்கல்’ அமைப்பு. கோப்புறை, பட்டியல், கடிதம் மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கும். பிறகு அடர்த்தியைக் ‘கொம்பக்ட்’ ஆக்குங்கள். எழுத்தளவைக் குறைக்காதீர்கள், அடர்த்தி வேறு எழுத்தளவு வேறு. அடுத்தது, விண்டோவின் தலைப்புப் பட்டையை மறைக்கும் தெரிவு அமைப்புகளின் பொதுப் பக்கத்தில் இருக்கிறது. இடது ஓரத்தில் நாட்காட்டி, முகவரிப் புத்தகம் என்று நிற்கிற ஒடுங்கிய பட்டையையும் மூடலாம். கீழே இருக்கும் நிலைப்பட்டையையும் எடுத்துவிட்டேன்.

பெரிய லாபம் கடிதத்தின் தலையில் இருக்கிறது. அனுப்பியவர், பெறுபவர், விடயம், பொத்தான்கள் என்று அந்தத் தலை மட்டும் நாலைந்து வரி உயரம் பிடித்து நிற்கும். அதன் ‘மோர்’ பொத்தானுக்குள் ‘கஸ்டமைஸ்’ என்று ஒன்று உண்டு. அங்கே பொத்தான்களைப் படம் மட்டும் ஆக்கலாம், அனுப்பியவரின் படத்தை எடுக்கலாம், பெரிய தலைப்பெழுத்தை நிறுத்தலாம், பக்கத்தில் நிற்கும் ‘அனுப்பியவர்’, ‘பெறுபவர்’ என்ற பெயர்களையும் மறைக்கலாம். இது என்னைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம், ஏனென்றால் இது ஒவ்வொரு கடிதத்தோடும் திரும்பத் திரும்ப வருகிற இழப்பு.

பட்டியல் அட்டை வடிவிலும் வரும், அட்டவணை வடிவிலும் வரும். பக்கவாட்டு அமைப்பில் பட்டியலுக்குக் கிடைப்பது ஒடுங்கிய இடம். அட்டவணை என்றால் ‘விவாகப் பதிவு தொடர்பாக’ என்பதில் ‘விவா’வோடு நின்றுவிடும். அட்டையில் பெயர் ஒரு வரி, விடயம் இன்னொரு வரி என்று வருவதால் நீளமான தமிழ்த் தலைப்புகள் வாசிக்கத் தெரிகின்றன. குறைவான அஞ்சல்தான் ஒரு பார்வையில் தெரியும், ஆனால் தெரிவது விளங்கும். நான் அட்டையில் இருக்கிறேன்.

எல்லாம் கழற்றிய பிறகு 25 வரி. கிளோஸைவிட ஒன்று குறைவு, ஆனால் சிவப்புச் சிவப்பாகவே தெரிகிறது.

2025 ஒக்டோபர் 23, காலை 6.15

எஃப்8. அதைச் சொல்ல மறந்துவிட்டேன். அழுத்தினால் கடிதப் பலகம் மறைந்து பட்டியல் முழு அகலத்துக்கு விரியும், திரும்ப அழுத்தினால் வரும். காலையில் ஐம்பது அஞ்சலில் எது அவசரம் என்று பார்க்க மறைத்து வைப்பேன், வாசிக்க இருக்கும்போது திறப்பேன். ஒரு அமைப்பில்தான் நாள் முழுக்க இருக்க வேண்டும் என்று இல்லை.

2025 ஒக்டோபர் 26, இரவு 10.40

ரொறன்ரோவில் இருக்கும் என் சொந்த அண்ணாவும் இதை வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று இன்றைக்குத்தான் தெரியும். போனில் பிடித்துக்கொண்டார். ‘என்னுடையது 14 அங்குலம், 1920×1080, உன்னுடையதைவிட எவ்வளவோ பெரிசு. நீ சொன்ன எல்லாம் செய்தும் எனக்கு 22 வரிதான் வருகுது. எங்கேயோ பிழை சொல்லியிருக்கிறாய்.’

அரை மணித்தியாலம் இருவரும் திரை திரையாகப் பார்த்தோம். அவருடைய வின்டோஸில் காட்சிப் பெருக்கம் 150 சதவீதத்தில் இருந்தது. 1920ஐ ஒன்றரையால் வகுத்தால் 1280. 1080ஐ வகுத்தால் 720. மென்பொருளின் கண்ணுக்கு அவருடைய திரை 1280×720, என் 1366×768ஐவிடச் சின்னது! விலை என்னுடையதைப் போல மூன்று மடங்கு. 125இல் வைத்தவுடன் 1536×864 ஆகி, வரி ஏறியது.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். 1366×768 திரையில் யாராவது 125 சதவீதம் வைத்திருந்தால் கிடைப்பது 1093×614 அளவுதான். பழைய நெற்புக்கின் 1024×600க்குப் பக்கத்தில் வந்துவிடும். தம்பி, மென்பொருளைக் குறை சொல்லும் முன் இதை ஒருக்கால் பாருங்கள். கண் பார்வை குறைந்தவர்கள் பெருக்கத்தைக் குறைக்க வேண்டாம். அவர்களுக்கு எஃப்8ஆல் கடிதப் பலகத்தை மூடி, கடிதத்தைத் தனித் தாவலில் திறந்து வாசிப்பதுதான் நல்லது.

தலைப்பில் 11.6 அங்குலம் என்று எழுதியதே இப்போது உறுத்துகிறது. இருக்கட்டும், தேடுகிறவர்கள் அங்குலத்தை வைத்துத்தான் தேடுவார்கள்.

2025 நவம்பர் 2, மாலை 4.00

மழை. இரண்டு நாளாக இணைப்பு வந்து வந்து போகிறது, அதனால் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

தண்டர்பேர்ட் வழக்கமாகக் கணக்கில் உள்ள எல்லாக் கடிதத்தையும் இறக்கி வைக்கும். இணைப்பு இல்லாத நேரத்தில் அது வரம். கொழும்புக்கு ரயிலில் போகும்போது வவுனியாவுக்கு இந்தப் பக்கம் சிக்னல் இல்லாத இடங்களிலும் நான் பழைய கடிதங்களைத் திறந்து வேலை செய்வேன். ஆனால் டேட்டா பொதி போட்டு ஓடுகிறவர்களுக்கு முதல் நாளே பொதி முடிந்துவிடும். கணக்கின் ஒத்திசைவு அமைப்பில் ‘அண்மைய 30 நாள்’ மட்டும் என்று வைக்கலாம், குறித்த அளவைவிடப் பெரிய அஞ்சலை இறக்க வேண்டாம் என்றும் சொல்லலாம். ஜீமெயில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். ஜீமெயிலின் அமைப்புகளில் ‘ஓல் மெயில்’ கோப்புறையை ஐமப் வழியாக, அதாவது சேர்வரில் இருக்கும் அஞ்சலை மென்பொருள் பார்க்கிற வழியாக, காட்ட வேண்டாம் என்று எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கடிதம் உள்பெட்டியிலும் அங்குமாக இரண்டு இடத்தில் நிற்கும்.

பாரிசில் இருந்து ஒருவர் ‘18 எம்பி கோப்புத்தான், ஏன் உங்களுக்கு 24 எம்பி என்று காட்டுகிறது’ என்று கேட்டார். ஈமெயிலில் கோப்பு அப்படியே போவதில்லை. மூன்று பைட்டை நான்கு எழுத்தாக மாற்றித்தான் போகும், அதனால் மூன்றில் ஒரு பங்கு கூடும். ஜீமெயிலின் எல்லை 25 எம்பி. எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் ஸ்கானை இணைத்தால் சிலவேளை போகாததற்கும் இது காரணமாக இருக்கலாம்.

2025 நவம்பர் 8, இரவு 11.30

இது கேள்விக்குக் கொஞ்சம் தூரம். ஆனாலும் இங்கேதான் எழுத வேண்டும்.

அன்றைக்குப் போனில் பேசிய பிறகு அண்ணா ஒரு கோப்பு அனுப்பினார். அப்பா 2003இலிருந்து 2006 வரை அவருக்கு எழுதிய ஈமெயில்கள், நூற்றுக்கு மேலே. யாழ்ப்பாணத்தைக் கண்டியோடு சேர்க்கும் ஏ9 பாதை திறந்திருந்த காலம். அப்பா யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு நெற் கஃபேக்குச் சைக்கிளில் போய், மணித்தியாலக் கணக்குக்குக் காசு கொடுத்து எழுதியவை. அப்பா போய் ஒன்பது வருடமாகிறது. இப்படி ஒரு கட்டு இருப்பதே எனக்குத் தெரியாது.

தண்டர்பேர்டில் திறந்தேன். ஒரு வரி வாசிக்க முடியவில்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை மாதிரி. பார்த்தவுடனே விளங்கிவிட்டது, பாமினி. யுனிகோட் எங்கள் பக்கம் பரவும் முன் எல்லாரும் தட்டியது பாமினியில்தான். அதில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, எழுத்துருதான் அதற்குத் தமிழ் முகம் போடும். எழுத்துரு இல்லாத இடத்தில் முகம் கழன்றுவிடும்.

பாமினியை நிறுவி, தண்டர்பேர்டின் எழுத்துரு அமைப்பில் லத்தீன் எழுத்துக்குப் பாமினியைக் கொடுத்தேன். வெறும் எழுத்துக் கடிதங்களுக்கு நிலையகல எழுத்து என்ற தெரிவையும் எடுத்தேன். அப்பா வந்துவிட்டார். ‘இஞ்சை மழை பிந்திப் போச்சு, கிணத்திலை தண்ணி கீழை’ என்று தொடங்குகிற கடிதம். அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஒரு விசித்திரம். அண்ணாவின் பதிலோடு சேர்ந்து வந்த கடிதங்களில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு காற்புள்ளி நின்றது. பதிலில் பழைய வரியைக் காட்ட ஈமெயில் போடுகிற கோணக்குறிதான் அது. பாமினியில் அந்த விசைதான் காற்புள்ளி.

2025 நவம்பர் 9, காலை 9.00

நேற்று எழுதியபடி யாரும் அப்படியே செய்ய வேண்டாம். காலையில் பார்த்தால் இலண்டனில் இருந்து வந்த ஆங்கிலக் கடிதம் பாமினி முகத்தோடு நிற்கிறது, ஒரு சொல் விளங்கவில்லை. அமைப்பை மாற்றினால் எல்லாக் கடிதத்துக்கும் மாறும் என்பதை யோசிக்கவில்லை. பழையபடி ஆக்கிவிட்டேன்.

தண்டர்பேர்டில் இன்னொரு பயனர் கணக்கு, அதாவது தனி ‘புரொஃபைல்’, தொடங்கி அதில் மட்டும் பாமினி வைக்கலாம். மத்தியானம் செய்து பார்க்கிறேன்.

2025 நவம்பர் 9, இரவு 7.45

செய்யவில்லை. அதைவிட இலகுவான வழி கிடைத்தது, நான் விட்டுவிட்டு வந்த கிளோஸில்.

தண்டர்பேர்ட் தன் கோப்புறைகளை எம்பொக்ஸ் என்ற வடிவில் வைத்திருக்கிறது. கிளோஸுக்கு எம்பொக்ஸை உள்ளே எடுக்கத் தெரியும். எடுத்தேன், செய்தி எழுத்துருவாகப் பாமினியைக் கொடுத்தேன், ‘ஸ்மோல் ஸ்கிரீன்’ போட்டேன். பொத்தான்களும் பட்டியல்களும் அவற்றின் எழுத்திலேயே இருக்கின்றன, கடிதம் மட்டும் தமிழில். நிறம், படம், அட்டவணை எதுவும் அப்பாவின் கடிதத்தில் இல்லை, கிளோஸுக்கு அது பொருத்தம். முழுத் திரையிலும் அவருடைய எழுத்து மட்டும்.

ஒக்டோபர் 19இல் நான் எழுதியதை மாற்றவில்லை. வேலைக்குத் தண்டர்பேர்ட், இதற்குக் கிளோஸ். இரண்டும் ஒரே லப்டொப்பில் சண்டையில்லாமல் இருக்கின்றன.

2025 நவம்பர் 15, மாலை 6.20

கியரி, எவலூஷன் என்ற மற்ற ஈமெயில் மென்பொருள்களைப் பற்றிக் கேட்டவர்களுக்குச் சுருக்கமாக. கியரி அழகானது, சின்னத் திரைக்குத் தானாகவே மடங்கும், ஆனால் ஐமப் மட்டும்தான், அஞ்சலை இறக்கி வைத்துக்கொள்ளும் பழைய வழியான பொப் இல்லை. கடிதங்களை உரையாடலாகக் கோர்த்துக் காட்டும், எனக்கு ஒரு வாடிக்கையாளரின் பத்துத் திருத்தமும் ஒன்றின் கீழ் ஒன்றாக மடிந்து கிடப்பது பிடிக்கவில்லை. எவலூஷனிலும் பக்கவாட்டு அமைப்பு உண்டு, நாட்காட்டி பெரிதாகத் தேவைப்படுவோர் பார்க்கலாம்.

தம்பி இன்னொன்று கேட்டார். தண்டர்பேர்டில் அடுத்த கடிதத்துக்குப் போக ஆங்கில எஃப் எழுத்தை அழுத்தினால் வேலை செய்யவில்லையாம். உங்கள் விசைப்பலகை அந்த நேரம் தமிழில் இருந்திருக்கும். எனக்கும் ரெங்கநாதன் முறையில் இருக்கும்போது அப்படித்தான். தமிழில் பதில் எழுதிவிட்டுப் பட்டியலுக்கு வரும்போது மறக்காமல் மொழியை மாற்றுங்கள், அல்லது அம்பு விசையையே பாவியுங்கள். எஃப்8க்கு இந்தச் சிக்கல் இல்லை.

2025 நவம்பர் 16, காலை 7.30

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். பக்கவாட்டு அமைப்பு, அட்டை, கொம்பக்ட், பெருக்கம் 100. கிடைத்தது 23 வரி. விலைப்பட்டியலின் அட்டவணை பக்கவாட்டில் உருட்டாமல் முழுசாகத் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டு எழுதியிருக்கிறார்.

படத்தை உற்றுப் பார்த்தேன். கீழே நிலைப்பட்டை இன்னும் இருக்கிறது தம்பி, கடிதத் தலையில் அனுப்பியவரின் படமும் இருக்கிறது. இரண்டையும் எடுங்கள், 25 வரும்.